கச்சான் தாங்கும் காடு

உலகச் சுற்றாடல் தினம் ஜூன் 5 ஆம் திகதி வருகிறது. வன்னியில் அது கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று எழும் காலம். மாரியின் ஈரம் மேல்மண்ணை விட்டுப் போய், செம்மண் ஒழுங்கைகளில் புழுதி கிளம்பத் தொடங்கியிருக்கும். அன்று நடும் கன்றுக்கு அடுத்த பெருமழை ஐப்பசியில்தான். இடையில் நாலு மாதம் யார் தண்ணீர் வார்ப்பது? வடமாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது அந்த வகையில் புத்தியான காரியம். ஆனால் அரச காடு என்று வரும்போது எந்த மாதம் நடுவது என்பது இரண்டாவது கேள்வி. நடத்தான் வேண்டுமா என்பதே முதலாவது.

இலங்கை 2030க்குள் காட்டுப் போர்வையை நாட்டின் பரப்பில் 32 வீதமாக்குவதாக உறுதி கொடுத்திருக்கிறது. வீதக் கணக்கில் யூக்கலிப்டஸ் தோட்டமும் காடுதான், பாலையும் வீரையும் முதிரையும் நிற்பதும் காடுதான். கச்சானுக்கு முன்னால் இரண்டும் ஒன்றாக நிற்பதில்லை.

வன்னியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 முதல் 1500 மில்லிமீற்றர் மழை. பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிடும். சித்திரையில் ஒரு சிறுமழை, அதன்பின் புரட்டாதி வரை வறட்சி. காலநிலை மாறுவதை இங்கே வெப்பமானியில் தேடத் தேவையில்லை. மாரி பொய்த்து 2016இலும் 2017இலும் குளங்கள் வற்றின. 2020 மார்கழித் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தது. ஒரு ஹெக்டேயரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் 10,000 லீற்றர். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 10 இலட்சம் லீற்றர். அது சருகுக்குள் இறங்கினால் ஆவணி வரை வேருக்கு உதவும். வெறும் தரையில் விழுந்தால் மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ முத்தையன்கட்டிலோ வண்டலாகப் படியும். வெள்ளத்தை உறிஞ்சவும் வறட்சியைத் தாண்டவும் ஒரே காடுதான் பழக வேண்டும்.

முதலில் எண்ணுங்கள்

பற்றையாகக் கிடக்கும் காட்டை வெறும் காணி என்று நினைத்து டோசர் விட்டுத் துப்புரவாக்கி, குழி வெட்டிக் கன்று வைப்பதுதான் செலவு கூடிய தவறு. அந்தப் பற்றைக்குள் அடிக்கட்டைகள் உயிரோடு இருக்கும். பறவையும் கரடியும் மரநாயும் போட்ட விதைகள் முளைத்து முழங்கால் உயரத்தில் நிற்கும். அவற்றின் வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது. நாற்றுமேடைக் கன்று அந்த ஆழத்தைப் பிடிக்க வருடங்கள் எடுக்கும்.

தை, மாசியில் இலை பச்சையாக இருக்கும்போது கணக்கெடுங்கள். 10 மீற்றருக்கு 10 மீற்றர் சதுரம், நாலு மூலையிலும் தடி, சுற்றிக் கயிறு. 20 ஹெக்டேயருக்கு 40 சதுரம் போதும், அது பரப்பில் 2 வீதம். நல்ல இடமாகப் பார்த்துச் சதுரம் போடாதீர்கள். நேர்கோட்டில் நடந்து சம தூரத்துக்கு ஒன்றாகப் போட வேண்டும். 15 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்த மரக்கன்றுகளையும் தளிர்க்கும் கட்டைகளையும் எண்ணுங்கள். ஒரு கட்டையில் பத்துத் தளிர் வந்தாலும் கணக்கு ஒன்று. செடி, கொடி, நாயுண்ணி சேராது. 40 சதுரத்தில் 320 எண்ணினால் சதுரத்துக்கு 8, ஹெக்டேயருக்கு 800.

கைக்கணக்கு இப்படி: 700க்கு மேல் இருந்தால் ஒன்றும் நட வேண்டாம், காவல் போதும். 200க்கும் 700க்கும் இடையில் என்றால் காவலோடு வெற்றிடங்களில் மட்டும் நடலாம். 200க்குக் கீழே போனால்தான் முழு நடுகை. எண்ணும்போது இனத்தையும் எழுதுங்கள். 800இல் 700 ஒரே இனமாக இருந்தால், அந்த இனத்துக்கு ஒரு பூச்சியோ நோயோ வந்த வருடம் காடே படுத்துவிடும்.

எண்ணப் போவதற்கு முன் இரண்டு விஷயம் தீர்ந்திருக்க வேண்டும். ஒன்று, கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த நிலமா என்பது. அந்தப் பத்திரம் இல்லாத இடத்தில் அலவாங்கு போடக் கூடாது. மற்றது காணி. போரில் இடம்பெயர்ந்த சனத்தின் வயலும் மேட்டுக்காணியும் இருபது, முப்பது வருடத்தில் காடாகிவிட்டன. செய்மதிப் படத்தில் எல்லாம் ஒரே பச்சை. நிலத்தில் இறங்கிப் பார்த்தால் வரம்பு தெரியும், இடிந்த கிணறு தெரியும், வரிசையாக நிற்கும் பனையும் மாமரமும் தெரியும். கிராம அலுவலரையும் பழைய குடியிருப்பாளர்களையும் வைத்து அந்த எல்லையைப் பிரிக்காமல் வனவளத் திணைக்களக் கல்லை நட்டால், அந்தக் காட்டில் தீப்பிடிக்கும் நாளில் அணைக்க ஊரில் ஒருவரும் வர மாட்டார்கள். இதை நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை, தீத்தடுப்புக்காகவும் சொல்கிறோம்.

கட்டையும் கன்றும்

எண்ணிய கன்றுகளுக்குப் பக்கத்தில் ஒரு தடி ஊன்றி, தடியின் நுனியில் வண்ணத்துணி கட்டுங்கள். இல்லாவிட்டால் புல் வெட்டுபவர் கன்றையும் சேர்த்து வெட்டுவார். இது எங்கும் நடப்பது. கன்றைச் சுற்றி அரை மீற்றர் ஆரைக்குப் புல்லை எடுத்து, அதே புல்லை மூடாக்காகப் போடலாம். ஆனால் மூடாக்கு அடிமரத்தைத் தொடக் கூடாது. பத்துச் சென்ரிமீற்றர் விலகியிருக்கட்டும். தொட்டால் வறட்சியில் கறையான் அதன் வழியே தண்டுக்கு ஏறும்.

இலுக்குப் புல்லை வெட்டுவதைவிட ஒரு பலகையால் மிதித்துச் சாய்ப்பது நல்லது. சாய்ந்த புல் மெதுவாகத்தான் எழும்பும். கினியாப்புல்லுக்கு அந்த வித்தை பலிக்காது. அது தூராக நிற்கும். பூக்கும் முன் அடியோடு வெட்ட வேண்டும், சிறு தூரானால் வேரோடு கிண்ட வேண்டும். இரண்டு மீற்றர் உயரத்தில் காய்ந்து நிற்கும் கினியாப்புல்தான் வன்னியில் தீக்கு முதல் விறகு. மாட்டுக்குத் தீனியென்று கொண்டுவந்த புல் அது. மாட்டுக்காரருக்கே வெட்டிப் போகும் உரிமையைக் கொடுத்தால் காட்டுக்கும் இலாபம், பட்டிக்கும் இலாபம். நிழல் விழுந்தால் அது தானாக ஒடுங்கும்.

கட்டைத் தளிர்களை மழை தொடங்கும்போது ஐதாக்குங்கள். முதல் வருடம் இரண்டு அல்லது மூன்று தளிர் மட்டும் நிற்கட்டும், மூன்றாம் வருடம் ஒன்று அல்லது இரண்டு. தரையை ஒட்டி வந்த தளிரை விட்டுவிட்டுக் கட்டையின் தலையில் வந்ததை வெட்டுங்கள். மேலே வந்த தளிர் விரைவாகக் கொழுக்கும், ஆனால் பிடி இருக்காது, பெருங்காற்றில் பிய்ந்து விழும். வேம்பு, நாவல், திருக்கொன்றை நன்றாகத் தளிர்க்கும். பாலை மிக மெதுவாக வளரும் மரம். எனவே நிற்கிற பாலையை விறகுக்கோ சூளைக்கோ விடக் கூடாது. பட்ட மரங்களையும் ஹெக்டேயருக்கு இரண்டு மூன்று விட்டுவையுங்கள். இருவாய்ச்சிக்கும் வௌவாலுக்கும் பொந்து வேண்டும், அவைதான் நாளைய விதைகாரர். தீ தாண்டாதபடி புல்லை அகற்றி விடும் கீற்றான தீத்தடுப்பு வரைக்குப் பக்கத்தில் நிற்கும் பட்டமரத்தை மட்டும் அகற்றிவிட வேண்டும். எரிந்து விழுந்தால் அதுவே தீக்குப் பாலம்.

காலபோகமும் பட்டி மாடும்

கன்று வளரும் மாதங்களும் மாடு காட்டுக்குள் வரும் மாதங்களும் வன்னியில் ஒன்றுதான். மாரிமழைக்குச் செய்யும் காலபோக நெல்லை விதைத்தவுடன் வயல் அடைபடும். மேய்ச்சல் தரவை இல்லாத ஊரில் பட்டி மாட்டுக்குக் காட்டைத் தவிர வேறிடம் இல்லை. ஐப்பசியில் துளிர்த்த நுனியைக் கார்த்திகையில் மாடு கடிக்கும். ஆட்டுக்கு நுனியும் வேண்டாம், பட்டையே போதும். காடு முழுவதையும் அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. காட்டைத் துண்டாகப் பிரித்து மூன்று வருடத்துக்கு ஒரு துண்டை மூடி, கன்று மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போனபின் அதைத் திறந்து அடுத்ததை மூடலாம். மூடும் துண்டைக் கமக்காரர் அமைப்பும் மாட்டுக்காரரும் இருந்து தீர்மானிக்க வேண்டும். வேலிக்குக் கம்பி வாங்குவதைவிடக் கிளுவைக் கதியால் நன்று. மழைக்கு நட்டால் பிடித்துக்கொள்ளும், களவும் போகாது. யானை நடக்கும் பாதையில் எந்த வேலியும் போடாதீர்கள். அங்கே நடுகையும் வேண்டாம்.

தீ

மேலே சொன்ன எல்லா வேலையையும் ஒரு பிற்பகல் தீ முடித்துவிடும். வன்னிக் காட்டில் தீ பெரும்பாலும் மனிதர் வைப்பதே. வேட்டைக்காரர் புதுப்புல்லுக்கு வைப்பார், தேன் எடுப்பவரின் பந்தம் விழும், சேனை எரிப்பு கைமீறும், தெருவோரம் குப்பை எரியும். தரையோடு போகும் தீ என்பதால் பெரிய மரம் தப்பிவிடும். அதனால்தான் அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. சாவது கன்றுகள், சருகு, விதை. மூன்று வருடம் தொடர்ந்து எரிந்த காட்டில் தலைமரங்கள் நிற்கும், கீழே கினியாப்புல் மட்டும் இருக்கும். அந்த மரங்கள் விழும்போது பின்னால் வர ஒன்றும் இராது.

அவுஸ்திரேலியாவில் திட்டமிட்டு எரிக்கிறார்களே, இங்கேயும் செய்யலாமே என்று கேட்பவர் உண்டு. அங்குள்ள பல காடுகள் தீயோடு பழகியவை. வன்னியின் காடு அப்படியானதல்ல. எரிக்க எரிக்கப் புல்தான் கூடும், அடுத்த தீ அதைவிடப் பெரிதாகும்.

கச்சான் தென்மேற்கிலிருந்து அடிப்பது. எனவே தீ காட்டின் தென்மேற்கு ஓரத்தில் பிடித்தால்தான் ஆபத்து அதிகம். அந்தப் பக்கத்தில் 10 மீற்றர் அகலத்தில் தடுப்பு வரை, மற்றப் பக்கங்களில் 6 மீற்றர். உள்ளே பிரிக்கும் வரைகளுக்கு 3 மீற்றர். அகலம் முழுவதும் புல்லை வெட்டி அகற்ற வேண்டும். நடுவில் 2 மீற்றருக்கு வேரும் சருகும் இல்லாமல் வெறும் மண் தெரிய வேண்டும். வெட்டிய புல்லை வரையின் ஓரத்தில் குவிப்பதுதான் வழக்கமான பிழை. அது தீக்குத் திரி வைத்தது மாதிரி. தூர எடுத்துச் செல்லுங்கள்.

சித்திரை மழை முடிந்து வைகாசிக்குள் இந்தத் தடுப்பு வரை வேலை முடிய வேண்டும். ஆடியில் மறுபடி ஒருமுறை கூட்ட வேண்டும். வறட்சியில் இலை உதிர்ந்து துப்புரவான வரை இரண்டு மாதத்தில் மூடிப்போயிருக்கும். ஒப்பந்தகாரருக்குக் காசு கொடுக்கும்போது இந்த இரண்டாவது கூட்டலை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் நடக்காது. சில வருடத்தில் வரையின் உள்ளோரத்தில் வீரை போன்ற என்றும் பச்சையான மரங்களை நெருக்கமாக வளர்த்தால், நிழலில் புல் அடங்கி வேலையும் குறையும்.

தீப்பிடித்தால் நண்பகலில் முன்னால் போய் நிற்காதீர்கள். எரிந்து முடிந்த பக்கத்திலிருந்து இரு விலாவாக நெருக்கி வாருங்கள். ஆளுக்கு ஒரு பச்சைக் கொப்பு, நாலு பேருக்கு ஒரு மண்வெட்டி, ஒரு இரும்பு வாரி, மருந்து அடிக்கும் முதுகுத் தெளிப்பான் ஒன்றில் தண்ணீர் மட்டும். பூச்சிமருந்து மிச்சம் இருந்த தெளிப்பான் வேண்டாம். கொப்பால் ஓங்கி அடித்தால் பொறி பறக்கும், அழுத்தித் தேய்க்க வேண்டும். காற்று விழும் மாலைக்குப் பின்னும் விடியப்புறமும்தான் தீயை மடக்க நல்ல நேரம். அணைந்ததும் வீட்டுக்குப் போய்விடுவதால்தான் அடுத்த நாள் மறுபடி எரிகிறது. ஓரத்திலிருந்து 20 மீற்றர் உள்ளே வரை புகையும் கட்டைகளை மண் போட்டு மூடி, புறங்கையை அருகில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். வெடிபொருள் அகற்றாத காட்டில் தீ என்றால் உள்ளே போகவே வேண்டாம். தெருவில் நின்று வரையைக் காப்பதோடு சரி.

நடத்தான் வேண்டிய இடத்தில்

விதை எங்கிருந்து என்பதைக் கேட்காமல் கன்று வாங்காதீர்கள். தெருவோரத்து ஒற்றை வேம்பில் பொறுக்கிய விதையில் ஆயிரம் கன்று போட்டால் ஆயிரமும் உடன்பிறப்பு. ஒவ்வொரு இனத்துக்கும் 25 முதல் 30 தாய்மரம், ஒன்றுக்கொன்று 100 மீற்றராவது தள்ளி. பெரும்பங்கை உள்ளூரிலும் ஒரு பங்கை மன்னார்ப் பக்கத்து வறண்ட காட்டிலும் எடுங்கள். முல்லைத்தீவின் நாளைய வறட்சியை அந்த விதை இன்றே கண்டிருக்கிறது.

வேம்பு, நாவல், இலுப்பை விதைகள் சில வாரத்தில் முளைப்புத் திறனை இழந்துவிடும். சதையைக் கழுவி உடனே போட வேண்டும். திருக்கொன்றையின் ஓடு கடினம், சுரண்டியோ வெந்நீரில் ஊறவைத்தோ போடலாம். பாலை முளைப்பது குறைவு, அதனால் தேவைக்கு மூன்று நாலு மடங்கு விதை போடுங்கள். பைக்கு மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய மாட்டெரு ஒன்று. நடுவதற்கு முன் கடைசி ஐந்தாறு வாரம் தண்ணீரைக் குறைத்து, நிழலை எடுத்து, கன்றை வெயிலுக்குப் பழக்குங்கள். இடுப்பளவு வளர்ந்த கன்று விழாவில் படம் எடுக்க நல்லது. பைக்குள் அதன் வேர் சுருண்டிருக்கும். 30 முதல் 45 சென்ரிமீற்றர் கன்றே போதும்.

மழை 30 சென்ரிமீற்றர் ஆழம் நனைத்தபின் நடுங்கள். கார்த்திகை நடுப்பகுதிக்குள் முடித்தால் வேருக்கு மூன்று மாத ஈரம் கிடைக்கும். மார்கழி நடுகை பிந்தியது. குழி 45 சென்ரிமீற்றர் கனசதுரம். வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் கல் மாதிரி. அலவாங்கால் தோண்டிய குழியின் சுவர் மெழுகினது போல இறுகியிருக்கும், வேர் அதைத் துளைக்காமல் பூச்சாடிக்குள் சுற்றுவது போலச் சுற்றும். சுவரைக் கொத்திவிடுங்கள். முருங்கன் பக்கத்துக் களிமண் வேறு விதம். மாரியில் தண்ணீர் நிற்கும், கோடையில் வெடித்து வேரை அறுக்கும். அங்கே மருது, விளாத்தி போன்றவையே சரி. காட்டு வெற்றிடத்தில் வரிசைக்கு 10 மீற்றர், கன்றுக்கு 5 மீற்றர் என்றால் ஹெக்டேயருக்கு 200. மிச்சத்தைக் காடு பார்த்துக்கொள்ளும்.

உயிர்பிடித்த கணக்கை மாசியில் எடுத்தால் 90 வீதம் என்று எழுதலாம். அந்த எண்ணுக்குப் பெறுமதி இல்லை. முதல் கச்சான் முடிந்து புரட்டாதியில் எடுங்கள், அடுத்த புரட்டாதியிலும் எடுங்கள்.

கிரவல் அகழ்ந்த குழிகளில் நேரே நடுவது வீண். மேல்மண் இல்லாத இடம் அது. ஓரங்களைச் சரித்து, ஒதுக்கிய மேல்மண்ணைத் திருப்பிப் போட்ட பின்தான் அடுத்த பேச்சு. மேல்மண்ணை ஒதுக்கி வைப்பது அனுமதிப்பத்திரம் கொடுக்கும் நாளில் எழுத வேண்டிய நிபந்தனை.

தேக்கங்காடு

தேக்கை வெட்டித் தள்ளிவிட்டுக் காடு நடுவோம் என்பது அவசரப் பேச்சு. 2.5 மீற்றர் இடைவெளியில் நட்ட தேக்கு ஹெக்டேயருக்கு 1600. ஐதாக்காமல் விட்டால் எல்லாம் தடியாகவே நின்று ஒரே தண்ணீருக்கு அடிபடும், வறட்சியில் நுனி காயும். முதல் ஐதாக்கலில் பாதியை எடுத்து, பிறகு படிப்படியாக 200, 300 வரை இறக்கலாம். அகன்ற தேக்கிலையில் சேர்ந்து விழும் மழைத்துளி பெரியது. கீழே சருகும் செடியும் எரிந்துபோயிருந்தால் அந்தத் துளி மண்ணைக் குத்திக் கிளறிவிடும். எனவே தேக்கங்காட்டிலும் முதல் வேலை தீயைத் தடுப்பது. இரண்டு வருடம் எரியாவிட்டால் கீழே உள்ளூர் இனங்கள் தாமாக வரும். 20, 30 மீற்றர் அகல இடைவெளிகள் திறந்து அவற்றுக்கு வெளிச்சம் கொடுத்தால் தேக்கு வளர்ந்து வெட்டும் ஒரு சுற்றுக்குள் கலப்புக் காடாகும்.

அளப்பது

பாலை மரம் தண்ணீரில் தாழும். அதன் ஒரு கன மீற்றர் காய்ந்த மரம் ஏறத்தாழ ஒரு தொன், அதில் பாதி காபன். காபனை 44/12 ஆல் பெருக்கினால் காபனீரொட்சைட்டு, அதாவது 1.8 தொன்னுக்குச் சற்று மேல். அதே கன அளவு தேக்கில் 1.1, 1.2 தொன்தான். ஒரு முதிர்ந்த பாலை சேர்த்து வைத்ததை இன்று நடும் கன்று நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் எட்டும். ஆகவே கணக்கு நட்ட கன்றில் தொடங்குவதில்லை, நிற்கிற மரத்தில் தொடங்குகிறது.

நிலையான சதுரங்களில் ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கத் தகடு அடித்து, தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் வண்ணக் கோடு போடுங்கள். நாடா அந்தக் கோட்டிலேயே சுற்ற வேண்டும். சுற்றளவு 94 சென்ரிமீற்றர் என்றால் விட்டம் 30. தகட்டு ஆணியைக் கோட்டின் மேல் அடிக்காதீர்கள், அந்த இடம் வீங்கி அளவைக் கெடுக்கும். முழுதாக இறுக்கவும் வேண்டாம், மரம் பருக்க இடம் வேண்டும். முதல் அளவைத் தையில் எடுத்தால் அடுத்ததையும் தையிலேயே எடுங்கள். கச்சான் காலத்தில் அடிமரம் ஈரம் இழந்து சற்றுச் சுருங்கும். ஆவணியில் அளந்தால் வளர்ந்த மரம் தேய்ந்ததாகப் பதிவாகும்.